பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்கப் போய் நட்டு முடுக்கின கதை

நேத்து இன்பாக்ஸ்ல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, புதுசா கத்துக்கறவங்க எந்த பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்கலாம்?"

என்கிட்டப் போய்க் கேட்டா எப்படிங்க! என் முதல் பெடல் ஸ்டீலை நான் பழைய லேத் மெஷின் வாங்கற மாதிரி வாங்கினவன்.

சரி, நடந்ததைச் சொல்லிடறேன். தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு வாக்குல.

அப்ப நான் கோயமுத்தூர் கணபதியில ஒரு பட்டறையில ஃபிட்டர். முகூர்த்த நாள் ஆனா கல்யாணக் கச்சேரியில கிட்டார். (இதுல எது எனக்குத் தொழில்னு என் சம்சாரம் செல்விக்கே சந்தேகம்!)

ஒரு நாள் பவர் பிரஸ்ல எடது கை மாட்டிருச்சு. நடுவிரலும் மோதிர விரலும் பாதிதான் மிச்சம்.

பட்டறைக்குத் திரும்பப் போயிட்டேன். கிட்டார்கிட்டதான் போக முடியல. கம்பிய அமுக்கறதே அந்த விரலுகதானே!

ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே ஓடுச்சு. ஊட்டுல ரேடியோல பாட்டு வந்தாக்கூட எந்திரிச்சுப் போய் நிறுத்திப்போட்டு வந்துருவேன்.

கச்சேரியில கீபோர்டு வாசிக்கற குமரேசன்தான் ஒரு நாள் சொன்னான்: "ஏண்டா, ஹவாயன் கிட்டார் வாசிக்கலாமில்ல? மடியில படுக்க வெச்சு, 'பார்'னு ஒரு இரும்புத் துண்டு, அதைக் கம்பி மேல நகத்தினாப் போதும். விரலே வேண்டாம்!"

ஆசையா கடைக்குப் போனேன்.

நேரா நகத்தினா நல்லாத்தான் சத்தம் வந்துச்சு. ஆனா எல்லா கார்டும் நேரா வராது, பாரைச் சாய்ச்சுப் புடிக்கணும். சாய்க்கறதுக்கு அந்த ரெண்டு விரல் வேணும்!

பார் வழுக்கி டமால்னு தரையில விழுந்துச்சு. கடையில இருந்த அத்தனை பேரும் திரும்பி என் கையப் பார்த்தாங்க. பாரை எடுத்து வெச்சுட்டு ஊட்டுக்கு வந்துட்டேன்.

குமரேசன் விடல. போத்தனூர்ல மேவிஸ்னு ஒரு ஆங்கிலோ இந்தியன் அம்மா இருக்காங்க, குடும்பத்தோட ஆஸ்திரேலியா போறாங்க, அவங்க பெடல் ஸ்டீலை விக்கறாங்கன்னான். அதுல பாரைச் சாய்க்கற வேலையக் கால் பார்த்துக்குமாம். பெடலை மிதிச்சா கம்பி தானா இறுகி சுதி ஏறும்.

இதுவும் ஆகலேன்னா இனிமே கிட்டார் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு செல்விகிட்ட சொல்லிட்டுத்தான் கெளம்பினேன். அவளும் கூட வந்தா. உக்கடத்துல பஸ் மாறிப் போனோம்.

அவங்க ஊட்டு ஹால்ல கிட்டார் நாலு காலு மேசை மாதிரி நின்னுச்சு. மேல பத்துக் கம்பி, கீழ பெடல், ரெண்டுக்கும் நடுவுல ராடு ராடா!

மேவிஸ் உக்காந்து கொஞ்ச நேரம் வாசிச்சாங்க. ஆள் பாடற மாதிரியே கம்பி பாடுச்சு.

"டீ போட்டுட்டு வர்றேன் மேன். நீங்க பாத்துட்டிருங்க"ன்னு உள்ள போனாங்க.

பாத்துட்டிருன்னு சொன்னா கோயமுத்தூர் ஃபிட்டர் எப்படிப் பாப்பான்? அடியில படுத்துத்தான் பாப்பான்!

ராடு எல்லாம் கடகடன்னு ஆடுச்சு. எங்க பட்டறையில ஆட்டம் இருந்தா அதை மெஷினுன்னே சொல்ல மாட்டாங்க. சட்டைப் பாக்கெட்ல குட்டி ஸ்பேனர் எப்பவும் இருக்கும். (எழவு ஊட்டுக்குப் போனாலும் இருக்கும்.) ராடு முனையில இருந்த நட்டை ஒண்ணு விடாம முடுக்கிப்போட்டேன்.

மேவிஸ் வந்தாங்க. என்னை உக்கார வெச்சு, பாரை எடுத்து என் எடது கையில அவங்களே குடுத்தாங்க. கையைப் பத்தி ஒண்ணுமே கேக்கல.

பார் வழுக்கல. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் புடிச்சுக்கிச்சு, பாதி விரல் ரெண்டும் பின்னாடி அணைச்சுக்கிச்சு.

கம்பியைத் தட்டினேன். பெடலை மிதிச்சேன். விட்டேன்.

அபஸ்வரம்! ஏறின சுதி எறங்கவே இல்ல.

மறுபடியும் மிதிச்சேன். மறுபடியும் அபஸ்வரம்.

இதே கிட்டார் இப்பத்தான் அவங்க கையில அப்படிப் பாடுச்சு. அப்ப தப்பு என் கையிலதானே? எனக்கு வேற எதுவும் தோணல.

பாரை வெச்சுட்டு எந்திரிச்சேன். "எங்கையில ஆகாதுங்க. நல்லா வாசிக்கற ஆளாப் பாத்துக் குடுங்க."

செல்வி மூஞ்சியப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல.

மேவிஸ் குனிஞ்சு ராடை ஆட்டிப் பார்த்தாங்க. அது அசையல.

"யாரு மேன் இதெல்லாம் டைட் பண்ணுனது?"

"நாந்தானுங்க. ஆட்டமா இருந்துச்சு..."

"ஆடணும் மேன்! ஆடினாத்தான் கம்பி பழைய எடத்துக்குத் திரும்பும். உங்க கை சரியாத்தான் இருக்கு. ஸ்பேனர்தான் தப்பு!"

ஸ்பேனரைப் புடுங்கி ஒவ்வொரு நட்டாத் தளர்த்தினாங்க. திரும்ப சுதி சேர்த்தாங்க. என்னைப் பார்த்து, "உக்காருங்க"ன்னாங்க.

மிதிச்சேன். ஏறுச்சு.

விட்டேன். எறங்கி வந்து அதே எடத்துல நின்னுச்சு.

ரெண்டே ரெண்டு சுரம்தான். அழுதுட்டேங்க, அடுத்தவங்க ஊட்டுல உக்காந்துட்டு.

கண்ணைத் தொடச்சுட்டு, "நானே எடுத்துக்கறேனுங்க"ன்னேன்.

மேவிஸ் சிரிச்சாங்க. உள்ள போய் ஒரு வெத்தலையும், அது மேல ஒத்த ரூபாயும் எடுத்துட்டு வந்தாங்க. "நான் டீ போடறப்பவே உங்க வைஃப் கிச்சனுக்கு வந்து இதக் குடுத்தாங்க. எதுக்குன்னு எனக்குப் புரியல மேன்!"

அச்சாரம்! எங்க பக்கம் மாடோ மனையோ, வெத்தலையில ஒரு ரூபா வெச்சுக் குடுத்துட்டா யாவாரம் முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் பேச்சு மாத்த முடியாது.

செல்வியத் திரும்பிப் பார்த்தேன். "நான் வாசிக்கவே இல்லையே அம்மணி, என்ன நம்பிக்கையில குடுத்தே?"

"அடியில படுத்து நட்டு முடுக்கறப்ப நீங்க பாடிட்டு இருந்தீங்க. கையில அடிபட்டதுக்கு அப்புறம், நீங்க பாடி நான் இன்னைக்குத்தானுங்க கேக்கறேன்."