சுக்கினி மஃபின், அறுபது கிராம்

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நான் இருந்தேன், அம்மா இருந்தாள். மண்ணூரில் கட்டிக்கொடுத்த அக்கா, எண்ணெய் டின்மேல் சாய்த்துவைத்த போனுக்குள் வீடியோ காலில் இருந்தாள். பின்னறையில் வாடகைக்கு இருக்கும் தெற்கத்தி அண்ணன், நைட் ஷிப்ட் முடித்துவந்து சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா இல்லை. யாருடைய சர்க்கரை வியாதிக்காக அந்தக் கூத்தெல்லாம் நடந்ததோ அவர் ஒரகடத்தில் ஞாயிறு ஓவர்டைமுக்கு ஆள் இறக்கிக்கொண்டிருந்தார்.

அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பஸ் விடும் கான்ட்ராக்டர் வருடத்துக்கு ஒருமுறை டிரைவர்களுக்கு மெடிக்கல் வைப்பார். அந்த முறை அப்பாவுக்கு வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினெட்டு. நாற்பது நாள் கொடுத்தார்கள். அதற்குள் நூற்று முப்பதுக்குக் கீழே கொண்டுவரவில்லை என்றால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. யார்டில் வண்டி கழுவலாம், பேட்டா கிடையாது, ஓ.டி. கிடையாது. கூலி வேலையிலிருந்து தப்பித்து இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்த சீட் அது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. பேசாமல் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான். அக்கா எட்டாவதோடு நின்றாள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. நான் பி.இ. மெக்கானிக்கல், உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி. வீட்டில் நான் சொன்னால் அது அரசாணை. அரசாணை போடக் கிடைத்தவன் சும்மா இருப்பானா?

அப்பாவால் விடமுடியாதது நாலு மணி டீயும் கிரீம் பன்னும். அதற்கு மாற்று தேடும்போதுதான் அந்த வீடியோ அம்மாளைக் கண்டுபிடித்தேன். அவருடைய சமையலறை எங்கள் வீட்டைவிடப் பெரியது. வெள்ளை மேடைமேல் வெள்ளரிக்காய் போலிருக்கும் ஒரு சுக்கினிக் காயைக் குழந்தையைப் போலக் கிடத்தி, "இதைக் குற்ற உணர்ச்சியே இல்லாமல் சாப்பிடலாம்" என்று சிரித்தார். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் குற்ற உணர்ச்சியோடு சாப்பிட்டதில்லை. பசியோடு சாப்பிட்டிருக்கிறார்கள், அவசரத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். இருந்தாலும் நான் அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்து, மஃபின் என்கிற அந்தக் குட்டிக் கேக்கின் செய்முறையை நோட்டில் எழுதிக்கொண்டேன். மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, வெள்ளைச் சர்க்கரை இல்லை. ஓட்ஸ் மாவு, சுக்கினி, கருப்பட்டி, பேரீச்சம்பழம், தேன். தலைப்பு ஹெல்தி. தலைப்பைப் பார்த்து நம்பியவர்களில் நானும் ஒருவன்.

சுக்கினி எங்கள் பக்கத்துக் காய்க்கடைகளில் கிடைக்காது. ஸ்ரீபெரும்புதூரில் கொரியாக்காரர்களுக்கென்று இருக்கும் கடையில் கிடைத்தது. பில் போட்ட பெண் நம்மூர்ப் பெண். என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணா, இது அவுங்க சூப்புல போடுறது. நீங்க இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். "பேக் பண்ணப் போறேன்" என்றேன். அந்தச் சொல்லை வெளியே சொன்னதில் எனக்கு ஒரு மிதப்பு. இப்போது நினைத்தால் காது கூசுகிறது.

ஓவன் ஆறாயிரத்து ஐந்நூறு. டப்பாவிலிருந்து எடுத்துத் துடைத்து மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தபோது அம்மா கேட்டாள், "இன்னாடா இது, சின்ன டிவி மாதிரி கீது?"

பிறகு சுக்கினியைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். "வெள்ளரிக்காதான இது?"

"சுக்கினிம்மா."

"சுக்கினியோ கிக்கினியோ." நான் தடுப்பதற்குள் நுனியை அரிந்து, அரிந்த துண்டை வெட்டுவாயில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள், கசப்பு போக. நுரை வரவில்லை. "கசப்பே இல்லியே இது. அப்புறம் எப்டிறா சக்கர எறங்கும்?" அவளுடைய வைத்திய சாஸ்திரத்தில் சர்க்கரை வியாதிக்கு ஒரே விதிதான்: கசக்க வேண்டும். பாகற்காய்ச் சாறு, வேப்பங்கொழுந்து, வெந்தயம். நான் அதை மூடநம்பிக்கை என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிக் கேலி செய்தவன்.

மாவைக் கலக்கி முடித்ததும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் மாறியது.

"டேய், பாயசம் மாதிரி இனிக்குதுடா."

"இது வெள்ளச் சக்கர இல்லம்மா. இயற்கை."

"இயற்கைன்னா நாக்குல இனிச்சிட்டு உள்ள போயி கசக்குமா?"

போனுக்குள்ளிருந்து அக்கா சிரித்தாள். "யம்மா, படிச்ச புள்ளைகிட்ட வாய குடுக்காத. டேய், எம் பசங்களுக்கு ரெண்டு எடுத்து வை."

நான் மாவை அச்சில் ஊற்றினேன். பதில் சொல்லும் அளவுக்கு அவர்கள் படிக்கவில்லை என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஓவனைப் போட்டு எட்டு நிமிடத்தில் ஃப்யூஸ் போய்விட்டது. பின்னறைக்கும் அதே லைன்தான். மின்விசிறி நின்றதும் தெற்கத்தி அண்ணன் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்து நின்றார், கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"தம்பி, இப்பம்தான கண்ணு அசந்துச்சு. என்னத்தப் போட்டு வேக வைக்க? யானையவா?"

எலெக்ட்ரீஷியன் வந்து ஓவனுக்குத் தனி லைன் இழுத்துக் கொடுக்க மதியமாகிவிட்டது. தூக்கத்தைக் கெடுத்ததற்காக முதல் ஈட்டில் ஒன்றை அவரிடம் நீட்டினேன். நின்றுகொண்டே கடித்தார். பாதி மென்றதும் நிறுத்தினார்.

"கருப்பட்டியா போட்டிருக்க?"

"ஆமாண்ணே. சுகர் பேஷண்டுக்கு."

"எங்க ஊருல இத மிட்டாயிம்போம்" என்று சொல்லிவிட்டு மீதியையும் வாயில் போட்டுக்கொண்டு படுக்கப் போனார். தூக்கக் கலக்கத்தில் உளறுகிறார் என்று விட்டுவிட்டேன்.

என் வேலை லைனில் வரும் பீஸை அளப்பது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் ஒதுக்கிவைப்பது. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மஃபினையும் எடை போட்டேன்: அறுபது கிராம், கூடக்குறைய இரண்டு. கம்பெனியில் பயன்படுத்தும் வெர்னியர் அளவுகோலை வைத்து உயரம் பார்த்தேன். தேதி, ஈடு, எடை, உயரம், நிறம் என்று கோடு போட்டு எழுதிவைத்தேன். கெடு முடியும்வரை ஒரு நாள் விடவில்லை. மூன்றாவது ஈட்டில் நடுவில் அமுங்கிப்போன நான்கைத் தள்ளுபடி செய்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அவற்றை தெருவில் பால் ஊற்றுகிறவரின் மாட்டுக்குப் போட்டாள்.

அப்பாவின் விரலில் ஒரு ஊசி குத்திப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. மருந்துக்கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் மிஷின் இருக்கிறது. சோதிக்க வேண்டியது அப்பாவை. நான் சோதித்தது மஃபினை. அமுங்கிய அந்த நாலைத் தவிர அது ஒவ்வொரு முறையும் பாஸானது.

அப்பா முதல் நாள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா, உள்ள பச்ச பச்சயா கீது? பூஞ்சக்காளானா?"

"காய்ப்பா. காய் துருவிப் போட்டது."

"காய்ல கேக்கா?" ஒரு வாய் கடித்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். அந்தச் சந்தோஷமே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். பத்தியச் சாப்பாட்டைப் பார்த்து எந்த மனுஷனாவது அப்படிச் சிரிப்பானா?

காலை முதல் டிரிப்புக்கு முன்னால் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. கிரீம் பன்னை நிறுத்திவிட்டார். டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். "சக்கர போடாத டீக்கு உன் கேக்குதான்டா கரெக்டா நிக்குது" என்றார். வேறெப்படி நிற்கும்?

பதினைந்து நாள் ஆகியிருக்கும். ஷிப்ட் விட்டு வரும்போது வடக்குப்பட்டுப் பக்கம் டீக்கடையில் அப்பாவின் பஸ் நிற்பதைப் பார்த்து இறங்கினேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்ற டிரைவர்களுக்கு நடுவில் டப்பாவைத் திறந்துவைத்திருந்தார்.

"இன்னா நைனா, பர்த்டேவா?" என்றார் ஒருவர்.

"யோவ், இது தின்ற கேக்கு இல்ல. மருந்து. எம் புள்ள படிச்சிட்டு செஞ்சிக்கினு வரான். சுகருக்கு."

"அப்போ மாத்தர?"

"மாத்தர இன்னாத்துக்கு? அதான் இது கீதே."

இது என் காதில் விழுந்தது. தெளிவாக விழுந்தது. லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு அக்காவிடம் சொன்னேன், அது பொய். அந்த நிமிடம் அங்கே போய், "மருந்தில்லப்பா, வெறும் பலகாரம், மாத்திரை போடு" என்று சொல்லியிருந்தால் டிரைவர்கள் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால் என் அப்பா என்னை டாக்டர் கணக்கில் வைத்துப் பேசுவது நன்றாக இருந்தது. திரும்பிப் பார்த்தவர், "தோ, வந்துட்டான் பாரு" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்த அடக்கச் சிரிப்பை இன்றும் என்னால் சகிக்க முடியவில்லை.

நாற்பதாவது நாள் வெறும் வயிற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டு.

லேபில் ஏதோ தப்பு என்று நான் சண்டை போட்டேன். வேறு லேபில் கொடுத்தோம். முந்நூற்று எட்டு. வண்டிகளைக் கவனிக்கும் சூப்பர்வைசர், அப்பாவைவிட இருபது வயது சின்னவர், போனில் கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "அண்ணே, நான் இன்னாண்ணே பண்றது? கம்பெனிக்காரன் இந்த ரிப்போர்ட்ட பாத்தான்னா ஒன்னோட சேத்து என்னையும் தூக்கிடுவான். யார்டுக்கு வந்துடுண்ணே. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கலாம்."

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா அப்பாவைத்தான் முதலில் கேட்டார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

"அதான் கேக்கு சாப்டறனே மேடம்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என்ன கேக், என்ன போட்டது என்று கேட்டார். சொன்னேன். கருப்பட்டி என்றதும் ஒரு விரலை மடக்கினார். பேரீச்சம்பழம் என்றதும் இன்னொன்று. தேன் என்றதும் மூன்றாவது. "மூணும் சர்க்கரைதான் தம்பி. மெதுவா ஏத்துனாலும் ஏத்தும். ஒரு நாளைக்கு மூணு வேற. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.இ."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். மாத்திரையை இரண்டு மடங்காக எழுதினார்.

வெளியே வந்து பஸ் சாவியை ஒப்படைக்கப் போனபோது அப்பா பஸ்ஸில் ஏறி, கண்ணாடிக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பை இறக்கினார். ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகள். ஒன்றுகூட உடைக்கவில்லை. "வீணாப் போவக் கூடாதுன்னு பத்திரமாதான்டா வெச்சிக்கினு இருந்தேன்" என்றார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று நானும் கத்தியிருப்பேன். தப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருக்கலாம். அந்த வழியையும் அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

மூன்று மாதம் அப்பா யார்டில் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களின் பஸ்ஸைக் கழுவினார். அதற்கு முன்பெல்லாம் பஸ் எங்கள் தெருமுனையில் வரும்போது அவர் ஒரு சின்ன ஹாரன் அடிப்பார், அம்மா உலை வைப்பாள். அதே பஸ் அதே நேரத்துக்கு அதே முனையைத் தாண்டியது, ஹாரன் இல்லாமல். அம்மா ஒவ்வொரு நாளும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாகற்காய்ச் சாற்றை மறுபடி ஆரம்பித்தாள். டம்ளரை நான்தான் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஷின் வாங்கி நானே காலையில் விரலில் குத்தி எழுதினேன். மஃபினுக்குக் கோடு போட்ட அதே நோட்டு, பாக்கிப் பக்கங்கள். இரவு மாத்திரையை நான் பார்க்க விழுங்கவைத்தேன்.

ஓவனை விற்கப் பார்த்தேன். யாரும் வாங்கவில்லை. அம்மா அதில் அப்பளம் வைக்கிறாள். எலி வராது, கண்ணாடி வழியாக எவ்வளவு இருக்கிறது என்றும் தெரியும் என்கிறாள். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டிக்குக் கிடைத்த ஒரே புத்திசாலித்தனமான உபயோகம் அது. வீடியோ அம்மாள் இப்போது பூசணிக்காயில் பிரவுனி செய்கிறார், அதுவும் குற்ற உணர்ச்சி இல்லாமல். கீழே லட்சம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மூன்றாவது மாதக் கடைசியில் நூற்று இருபத்தாறு வந்தது. மறுநாள் சாயங்காலம் தெருமுனையில் ஹாரன் கேட்டது. அம்மா உலையை வைத்தாள். அப்பா உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். நாலு மாதத்துக்கும் மேலாகக் கேட்காத கேள்வியை, இட்லி விலை கேட்பது போல அன்றைக்குத்தான் கேட்டார்.

"ஆமா, அந்தக் காய் கேக்கு மொத்தம் எவ்ளோடா ஆச்சு?"

"ஓவனும் சாமானும் மட்டுமாப்பா?"

"எல்லாம்தான். எனக்குப் போன பேட்டாவும் சேத்து."

அந்தக் கணக்கு என்னிடம் இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும்போது கூட்டிப் பார்த்த கணக்கு அது, நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

"முப்பத்தாறாயிரத்து முந்நூத்தி அம்பதுப்பா."