துப்பு கொடுத்தவர் என்ற பெயர்

எங்கள் தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வயதில் சிறியவன் என்பதால் நான் ரேடியோ அண்ணன் என்பேன். முடி வெட்டும் கடை அவருடையது, அதை ஒட்டிய ஜெராக்ஸ் கடை என்னுடையது. நடுவில் ஒற்றைச் சுவர்தான். இருபது வருஷமாக அவர் கத்தரியைவிட அவர் வாய் ஓடும் சத்தம்தான் எனக்கு அதிகம் கேட்டிருக்கிறது. யாருக்கு எங்கே வேலை கிடைத்தது, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அங்கே அலசப்படும். வம்பு கேட்பதற்காகவே முடி வெட்ட வருகிறவர்கள் உண்டு.

போன வருஷம் அந்த வாய் அடைபட்டது.

பஸ் நிறுத்தத்தில் போலீஸ் ஒரு போர்டு வைத்திருந்தது. குற்றத்தைப் பற்றித் துப்பு சொன்னால் பரிசு. பெயர் சொல்ல வேண்டாம், ஒரு எண் தருவார்கள், அதைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. அப்புறம் பின்தெருவில் செல்போன் கிடங்கை இரண்டு தடியன்கள் உடைத்தார்கள். காவலாளியின் மண்டையையும் உடைத்தார்கள். நாலே நாளில் பிடிபட்டார்கள். யாரோ போர்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டுவிட்டதாகப் பேச்சு. இரண்டு பேரும் அண்ணன் கடையில் வாடிக்கை. அதே வாரம் பார்த்து மனிதர் கடைக்கு ஏசி மாட்டித் தொலைத்தார். இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது அது. எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியவில்லை.

“ரேடியோ இப்போ போலீஸ் ஸ்டேஷன்லயும் கேக்குதாம்” என்று எவனோ சொன்னான். தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். மீதிப் பேர் வந்தார்கள், ஆனால் வாய் திறக்கவில்லை. துணியைப் போர்த்தியதும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அண்ணன் வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால்கூட “உம்” என்பதோடு சரி. அண்ணியோடு தெருவில் யாரும் பேசுவதில்லை. “கடையைக் காலி பண்ணிட்டு வேற எங்கயாவது போயிடலாம்” என்று அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார்.

வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அண்ணன் “சத்தியமா நான் இல்லைங்க” என்றார். சொல்லச் சொல்லச் சந்தேகம் கூடியது. கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு போலீஸ் அலுவலகத்துக்குப் போனார். மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம்.

“நான் இல்லைன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க மேடம். பிரேம் போட்டுக் கடையில மாட்டிக்கிறேன்.”

அங்கே இருந்த அதிகாரி அம்மாவும் எங்களைப் போலவே களைத்துப்போயிருந்தார். “யார் சொன்னாங்கன்னு எங்களுக்கே தெரியாதுங்க. பேரே கேக்க மாட்டோம். அப்புறம் யார் சொல்லலைன்னு எப்படி எழுதித் தர்றது?”

அதில் ஒரு தப்பும் சொல்ல முடியவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த மாதம் ஒரு மதியம். அண்ணன் கடையில் அவரும் நானும்தான். மண்டை உடைபட்ட காவலாளியை அவர் மனைவி கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். இடது காதுக்கு மேலே விரல் நீளத்துக்குத் தையல் தழும்பு. ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது.

“தழும்பு மேல படாம வெட்டணும், அதான் உங்ககிட்டயே கூட்டிட்டு வந்தேன்” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “நீங்கதான் போன் பண்ணீங்கன்னு சொல்றாங்க. ஊர் ஆயிரம் பேசட்டும் அண்ணா. நீங்க நல்லா இருக்கணும்.” கைகூப்பினார்.

வழக்கமான பதிலுக்காக நான் காத்திருந்தேன். அண்ணன் கத்தரியை எடுத்தார். தழும்பைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, முக்கால் மணி நேரம் வெட்டினார். காசு வாங்கவில்லை.

அவர்கள் போனதும் கேட்டேன். “என்னண்ணே, இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு முன்னாடியே தெரியும்டா. கிடங்க உடைக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இங்கதான் ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டானுங்க. எந்த வாசல், எத்தனை மணின்னு வரைக்கும் காதுல விழுந்துச்சு. நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன். நான் சொல்லலைன்னு ஊர் பூரா சத்தியம் பண்ணினேனே, அந்த மனுஷன் முன்னாடி அதை எப்படிடா சொல்வேன்?”