திருவிடந்தையில் வாங்கிய மாலை

திருவிடந்தைக்கு அம்மாவும் அக்காவும் நானும் போனது அது மூன்றாவது தடவை. செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வரை பஸ், பிறகு மாட்டுவண்டி, கால்வாயைக் கடக்கப் படகு, அதற்கப்புறம் சவுக்குத்தோப்பு வழியாகக் கால் புதையும் மணல். ஆயிரம் வருஷத்துக் கோயில் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அதெல்லாம் எங்கள் கண்ணில் எங்கே பட்டது? அக்காவுக்கு மாப்பிள்ளை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகாதவர்கள் பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது முறை சுற்ற வேண்டும். மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணமானதும் புருஷனோடு வந்து பின்பக்கத்துப் புன்னை மரத்தடியில் போட வேண்டும். அதுவரை எறியக் கூடாது. எங்கள் வீட்டுப் பூஜை மாடத்து ஆணியில் அப்படி இரண்டு மாலைகள் நாரும் சருகுமாகத் தொங்கின. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதே அதுதான். சொஜ்ஜியை வழித்துத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதாசு போடுகிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். தபால்காரர் எங்கள் தெருவுக்கு வராமலா இருந்தார்?

இந்தத் தடவை அம்மா தேங்காயும் மாலையும் வாங்கிக்கொண்டு சந்நிதிக்குள் போனாள். அக்கா அவளோடு போகவில்லை. தன் பையிலிருந்து அந்த இரண்டு காய்ந்த மாலைகளையும் எடுத்தாள். அவள் கொண்டுவந்ததே எனக்குத் தெரியாது. நேராகப் புன்னை மரத்தடிக்குப் போய்ப் போட்டாள்.

அங்கே பூக் கட்டிக்கொண்டிருந்த பூக்காரிக்கு ஒரே சந்தோஷம். "கல்யாணம் ஆயிடுச்சாம்மா? மாப்ள எங்க கீறாரு?"

"ஆகலை. இனிமே இங்க வரப் போறதில்லை. அதான் கொண்டாந்து போட்டுட்டேன்."

"இன்னாம்மா, இப்டிப் பண்ணிக்கினியே!" பூக்காரி வாயில் கை வைத்தாள்.

பட்டர் கொடுத்த புது மாலையோடு அம்மா வந்தாள். மரத்தடியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று பயந்தேன். திட்டியிருந்தால் தேவலை. கையிலிருந்த மாலையை என் கழுத்தில் போட்டாள்.

எனக்குப் பதினாறு வயது. அக்காவுக்கு இருபத்தெட்டு. கழற்றப் போன என் கையை அக்காதான் பிடித்துத் தடுத்தாள். மாலைக்குள் சிக்கியிருந்த என் பின்னலை மெதுவாக வெளியே எடுத்துவிட்டாள்.

"போ, சுத்திட்டு வா. வெயில் ஏறுது."

அம்மாவின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் நான் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.