அண்ணாச்சியைப் பார்த்துத் துப்பியவள்

எனக்கு மூச்சுக்குழாய்கள் அகன்றுபோய், சளி குட்டையாகத் தேங்கும் வியாதி. அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது உப்புத் தண்ணீர். இவ்வளவு படித்துவிட்டு உப்புத் தண்ணீரா என்று எனக்கு எரிச்சல். திருச்செந்தூர்க் கடலில் முங்கினால் சும்மாவே கிடைக்குமே. மருந்துக்கடையில் குப்பியில் வருவதுதான், வீட்டு உப்பைக் கரைத்துத் தொலைக்காதீர்கள் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். நெபுலைசரில் ஊற்றி ஆவியை இழுத்தால் கெட்டிச் சளி இளகுமாம். இளகியதை இருமி வெளியே தள்ள வேண்டும், அடக்கக் கூடாது.

தள்ளினேன். காலையில் ஆவி பிடித்ததும் பக்கவாட்டுக் குழாயடிக்கு ஓடி, அடிவயிற்றிலிருந்து காறித் துப்புவேன். ரிட்டயர்டு டீச்சர் செய்கிற காரியமா அது! அதே நேரத்தில்தான் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, நெற்றி நிறையத் திருநீறோடு, கடை திறக்க வண்டியை எடுப்பார். நடுவில் குட்டை மதில். என் வீட்டு முருங்கை அவர் முற்றத்தில் இலை கொட்டுவதில் ஏற்கெனவே மனத்தாங்கல் வேறு.

ஒருநாள் என் வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து முகம் செத்து வந்தார்.

"ஏட்டி, நீ அண்ணாச்சியப் பாத்துக் காறித் துப்புதியாம்லா? தெரு பூரா பேச்சு."

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு மானம் போனது. போய் விளக்கலாம்தான். "உங்களைப் பார்த்து இல்லை, பொதுவாகத்தான் துப்பினேன்" என்று எந்த வாயால் சொல்ல? மூச்சு போனாலும் மரியாதை போகக் கூடாது என்கிற ஊர் இது, நானும் இந்த ஊர்க்காரிதானே. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் பூனை மாதிரி இருமினேன். பாதிச் சளி உள்ளேயே நின்றது. காய்ச்சல் கண்டு, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் கொண்டு போட்டார்கள். செத்துவிடுவேன் என்றே பயந்தேன்.

வீட்டுக்காரர் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மறுநாளே அண்ணாச்சி வாழைப்பழச் சீப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். வந்த நேரம், நர்ஸ் அப்போதுதான் ஆவி கொடுத்து முடித்திருந்தாள். நெஞ்சிலிருந்து சளி கிளம்புகிறது, எதிரே அண்ணாச்சி. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அடக்கக் கூடாது என்று நர்ஸ் அதட்டினாள்.

அண்ணாச்சி பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஸ்டூலில் இருந்த கிண்ணத்தை எடுத்து என் வாய்க்குக் கீழே பிடித்தார்.

"துப்புங்க டீச்சர். என் மூஞ்சியப் பாத்தே துப்புங்க. பழகுன மூஞ்சிதான?"

துப்பினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.