தங்கமீனுக்கு உப்பு

இரண்டாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு வாரம் முழுக்க மீன் பாடம் நடந்தது. திருவொற்றியூர்க் குப்பத்துப் பிள்ளைகளுக்கு மீனைப் பற்றிப் பாடம்! டீச்சர் தாம்பரத்திலிருந்து ரயில் மாறி வருகிறவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. திங்கட்கிழமை கண்ணாடிப் பாட்டிலில் ஒரு தங்கமீனைக் கொண்டுவந்து வைத்தார். ராணி என்று பெயர் வைத்தோம். செவ்வாய், படம் வரைந்தோம். புதன், துடுப்புகளை எண்ணினோம். அது எண்ண விடாமல் திரும்பித் திரும்பி எங்களைப் பாடாய்ப்படுத்தியது. வியாழக்கிழமை டீச்சர் என்னை மீன் லீடர் ஆக்கினார்.

"ராணி உன் பொறுப்பு. பத்திரமா பார்த்துக்கணும்."

அந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. வெள்ளிக்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே ஓடினேன். ராணி வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெயில் ஏறினால் நாறிவிடுமே! கருவாட்டுக்கு அம்மா செய்வதையே செய்தேன். பென்சில் சீவும் பிளேடால் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தேன். சத்துணவு ஆயாவிடம் ஒரு பிடி உப்பு வாங்கித் தடவி, ஜன்னல் திட்டில் காய வைத்தேன். வேலை சுத்தமாக வந்ததில் பெருமை வேறு.

டீச்சர் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்துவிட்டது. காலையில் மீன்குழம்பு தின்றுவிட்டு வந்தவர்களெல்லாம் ராணிக்காகத் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

அம்மாவை வரச்சொன்னார்கள். கருவாட்டுக் கூடையைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"சின்னப் பொண்ணுக்கு இதையெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்றார் டீச்சர்.

அம்மா சிரித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"தெர்ல டீச்சர். எங்க பாத்து கத்துக்கினாளோ. வூட்ல நாங்க கத்திகிட்டயே வுட மாட்டோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்கு முந்தின நாள்தான் உப்பு அரித்துப் புண்ணான தன் கையால் என் கையைப் பிடித்துக் கானாங்கெளுத்தியைக் கீறக் காட்டிக் கொடுத்தாள். "நீதானம்மா..." என்று ஆரம்பித்தேன். முறைத்தாள் பாருங்கள், வாயை மூடிக்கொண்டேன். பொய் சொன்னால் தோலை உரிக்கிற அம்மா, டீச்சரிடமே பொய் சொல்கிறாளே!

அன்றோடு சரி. அதன்பிறகு அவள் என்னை மீன் பக்கமே அண்டவிடவில்லை. "உனுக்கு இன்னா இங்க வேலை, போய்ப் படி" என்று விரட்டினாள். ராணிக்காகத் தண்டிக்கிறாள் என்று வெகுகாலம் அவள்மேல் கோபமாக இருந்தேன்.

டீச்சர் எதிரில் நின்ற நேரம் முழுவதும் அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்குத் தின்ன ஏதோ வாங்கிவந்து ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.