களிமண் சேர்மமாம்…

போன வாரம் ஒரு ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில், சயின்ஸ் வாத்தியாரின் மேஜையைக் களிமண் குழம்பால் நாசம் செய்த கோஷ்டியில் நானும் இருந்தேன். ஊற்றியது நானில்லை… கூடப் போனது நான்தான்.

எங்கள் தெருவில் செல்வி என்று ஒருவர். இங்கே விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் பொம்மை வார்க்கிற வேலை. மகள் நித்யா ஒன்பதாவது படிக்கிறாள். மாவட்ட குவிஸ் போட்டிக்கு ஆள் எடுக்க ஸ்கூலில் டெஸ்ட் வைத்தார்கள். இரண்டு பேருக்குத்தான் இடம். நித்யா அரை மார்க்கில் மூன்றாவதாகிவிட்டாள்.

எதில் மார்க் போனது தெரியுமா? தனிமம், சேர்மம், கலவை என்று பிரித்து எழுதச் சொன்ன கேள்வியில். தங்கம் தனிமம், தண்ணீர் சேர்மம் — எல்லாம் சரி. களிமண்ணுக்கு 'கலவை' என்று எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. ஒரு மார்க் காலி.

பாதி ஊர் களிமண்ணை நம்பிச் சோறு தின்கிறது. இங்கே களிமண் என்னவென்று சரியாகச் சொன்ன பிள்ளைக்கு மார்க் கட். இந்த அழகை எங்கே போய்ச் சொல்வது?

"நீங்க பேப்பர்ல எழுதுறவங்கக்கா… கூட வந்து நின்னீங்கன்னா மதிப்பாங்க" என்று செல்வி கூப்பிட்டார். மதித்தார்கள். நாற்காலி போட்டார்கள். அதோடு சரி.

வாத்தியார் விடைத்தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைடைத்தான் எடுத்தார். "இங்க பாருங்கம்மா, களிமண் சேர்மம்னு தெளிவா போட்டிருக்குது. நான் என்னா பண்றது?"

பாவம், என்ன பண்ணுவார்? யோசிக்கிற வேலையைத்தான் கைடு எழுதினவரிடம் விட்டாயிற்றே. அவர் அதை இன்னொரு கைடு எழுதினவரிடம் விட்டிருப்பார்.

செல்வி பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். அச்சில் ஊற்றுவதற்காகக் கரைத்த களிமண் குழம்பு. டீ சாஸரில் ஊற்றினார். பாதி மேஜையில் வழிந்தது. பாலித்தீன் கவர் சுற்றிய ஒரு காந்தத்தை அதில் விட்டுத் துழாவி எடுத்தார். கவரில் கறுப்புத் துகள்கள்.

"இரும்பு சார். இத எடுக்காம வார்த்தா, சூளையில வெந்ததும் பொம்ம மூஞ்சியெல்லாம் பழுப்புப் புள்ளியா வந்துரும். அப்பறம் யாரு வாங்குவாங்க?"

"சேர்மமா இருந்தா காந்தம் எப்படி சார் பிரிக்கும்?" என்றாள் நித்யா, மெதுவாக.

வாத்தியார் உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னாரே, அதுதான் உச்சம். "நீ சொல்றது கரெக்ட்டுதான். ஆனா கைடுக்கு மாத்தி மார்க் போட்டன்னா, மத்த பசங்க வூட்லேருந்து சண்டைக்கு வருவாங்க. ஒண்ணு பண்ணு. கலவைய அடிச்சிட்டு சேர்மம்னு எழுதிக் குடு. ஒரு மார்க் போட்டுடறேன்… டீம்ல சேந்துக்க."

பேனாவையும் நீட்டினார். சரியாக எழுதினால் மார்க் இல்லை. தப்பாக, அதுவும் திருட்டுத்தனமாக எழுதினால் உண்டு. என்ன ஒரு கல்வி!

ஆதாரத்தைப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்த செல்வியே சொன்னார்: "எழுதிடு பாப்பா. ஒரு வார்த்ததான?"

நானும் தலையாட்டினேன். ஆமாம்… வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கு உபதேசம் செய்கிற அதே ஆள்தான். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நித்யா பேனாவை வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"எழுதுறேம்மா. நாளைக்கு நீ காந்தம் போடாம வார்த்துடு."

செல்வி முந்தானையால் மேஜையைத் துடைத்தார். விடைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரோம் சார்" என்றார்.

டீமில் நித்யா இல்லை. வேறு இரண்டு பேர் போகிறார்கள். எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதரிடம் நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான் — அங்கே யாரும் களிமண்ணைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது. எந்த ஊர் என்று கேட்டால், விருத்தாசலம் என்று சொல்லித் தொலைப்பார்களே!