மைக்கில் ஒழுகிய கூரை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அந்த நேரத்தில் அந்த வீட்டைப் பற்றி நான் மைக்கில் பேசினேன். வாழ்த்திப் பேசியிருந்தால் இந்த வாரப் பத்தியில் வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

கேரளத்தில் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிவிட்டது. நான் திருவனந்தபுரத்தில் இருக்கிறேன் என்பதற்காகவே பலரும் போன் போட்டுக் கேட்கிறார்கள் — "அங்க இந்தத் தடவை ஆட்சி மாறுமா?" நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் நாலு பேர் அரசியல் கேட்டால் சும்மா இருக்க முடியுமா?

ஒரு காலத்தில் இங்கே பதில் சுலபம். ஒரு முறை இவர்கள், அடுத்த முறை அவர்கள். ஹோட்டலில் ஷிப்ட் மாறுவது மாதிரி. போன தடவை அதே ஆட்சி திரும்ப வந்து அந்தப் பழக்கம் தவறிப்போன பிறகு எதிர்க்கட்சிக்காரர்களால் உட்கார்ந்த இடத்தில் முறைக்காகக் காத்திருக்க முடியவில்லை. அலைகிறார்கள். மலை ஏறுகிறார்கள். மலையில் எஸ்டேட் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருப்பவர்கள் தமிழர்கள். என்னைத் தேடி வந்தது அதனால்தான்.

கட்டட வேலை, ஹோட்டலில் மாவாட்டும் வேலை, லாட்ஜ் காவல்... எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் நிலைத்ததில்லை. தேர்தல் வந்தால் மட்டும் என் குரலுக்கு வேலை உண்டு. தமிழில் அனவுன்ஸ்மென்ட் சொல்ல ஆள் வேண்டும் என்றார் சசி. விதுரா பக்கத்து எதிர்க்கட்சிச் செயலாளர். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, ஓயாத போன்.

"அண்ணாச்சி, சும்மா ஓட்டு கேட்டா போராது. கேட்டா கண்ணு நெறையணும், கேட்டோ. ஒரு வீடு வேணும். ஒழுகுற வீடு."

நல்ல வீடு தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒழுகும் வீடு தேடி அலைபவரை அன்றுதான் பார்த்தேன். தேடிக் கொடுத்தது நான்.

வியாழக்கிழமை தனியாகப் பஸ் ஏறி எஸ்டேட்டுக்குப் போனேன். எந்த லயம் ஒழுகும் என்று எனக்கு வாசலில் நின்றே சொல்லத் தெரியும். அப்படிப்பட்ட இடங்களில் படுத்து எழுந்தவன். கூரை ஓட்டின் மேல் கல் வைத்திருப்பார்கள், கல்லுக்கு அடியில் சாக்கு இருக்கும். மூன்றாவது லயத்தின் கடைசி வீட்டில் இரண்டும் இருந்தன.

அந்த வீட்டில் தங்கபாய் அக்கா இருந்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல்கள். நான் பாளையங்கோட்டைப் பக்கம் என்றதும் முகம் மாறிவிட்டது.

"நம்ம ஊருக்காரனா? உள்ள வா தம்பி, ஏன் வெளிய நிக்க?"

பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். சொந்தக்காரனிடம் சொல்வது மாதிரி எல்லாம் சொன்னார். மழை வந்தால் அடுப்படியில் பானை, கட்டிலில் சட்டி. சுவரில் வெடிப்பு. ராத்திரி கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டுத் தூங்குவது. அதே மூச்சில், மகள் ஷீபாவை ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், பையன் பேக்கரியில் வேலை, நல்ல இடம், அது மட்டும் கூடி வந்துவிட்டால் போதும் என்றும் சொன்னார்.

கூரையைக் கேட்ட என் காது கல்யாணத்தைக் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதே வாசகம் தயாராகிவிட்டது. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கல்லாறில் ஜீப்பை நிறுத்திச் சோடா குடித்துவிட்டு ஏறினோம். எஸ்டேட் வளைவு வந்ததும் சசி ஆம்ப்ளிபயரைத் திருகினார். நான் ஆரம்பித்தேன்.

"ஆளுங்கட்சி அன்பர்களே! வளர்ச்சி வளர்ச்சி என்கிறீர்களே... மூன்றாவது லயத்துக்கு வாருங்கள்! எங்கள் தங்கபாய் அக்கா வீட்டைப் பாருங்கள்! மழை பெய்தால் சட்டி வைக்க இடமில்லை! சுவர் எப்போது விழும் என்று தெரியாமல் வயதுக்கு வந்த மகளோடு ஒரு தாய்..."

மலையில் மைக் சத்தம் ஜீப்புக்கு முன்னாலேயே போய்விடும். எதிர்ப்பக்கக் குன்றில் மோதித் திரும்பவும் வரும். நான் ஒரு முறை சொன்னேன். அவர்கள் இரண்டு முறை கேட்டார்கள்.

வளைவு திரும்பியபோது லயத்துக்குக் கீழே ஒரு கார் நின்றது. வாசலில் இரவல் பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசல் சுவரில் புதுச் சுண்ணாம்பு. உள்ளே வெடிப்பு இருந்த இடத்தில் பூப்போட்ட பெட்ஷீட்டைத் திரை மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண்பிள்ளை காபித் தட்டோடு அப்படியே நின்றாள்.

பையனின் அம்மா எழுந்து வெளியே வந்தார். ஜீப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பெட்ஷீட்டைப் பார்த்தார்.

"பொண்ணு வீட்டுக்கு மைக்கு வச்சு விளம்பரம் பண்ணுறத இப்பத்தான் காணுதேன்" என்றார்.

பக்கத்து வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள். தங்கபாய் அக்கா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "நீங்க உக்காருங்கம்மா, காப்பி ஆறுது" என்று மட்டும் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

"போன்ல சொல்லுதோம்" என்று கிளம்பிவிட்டார்கள்.

ஜீப் இறங்கும்போது சசி என் தோளில் தட்டினார். "கலக்கிட்டீங்க அண்ணாச்சி! எல்லாரும் வெளிய வந்து நின்னு கேட்டாங்க. இந்த பூத் நமக்குத்தான்."

நான் சோடா கேஸ் மாதிரி உள்ளுக்குள்ளேயே பொங்கி அடங்கினேன். அன்றைய கூலியையும் வாங்கிக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சசி போன் செய்தார். குரலில் இழவு விழுந்த மாதிரி சோகம். விஷயம் இதுதான்: ஆளுங்கட்சிக்காரர்கள் வந்து அந்த வீட்டுக்கு நீலத் தார்ப்பாய் போட்டுவிட்டார்களாம்.

"அந்த வீடு போச்சு அண்ணாச்சி! இனி அத வச்சு ஒண்ணும் பறைய முடியாது. வேற ஒரு வீடு காட்டித்தரணும்."

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி போனை வைத்தேன். அந்த ஒரு பொய்க்காக மட்டும் நான் வருத்தப்படவில்லை.

மறுநாள் திரும்பவும் பஸ் ஏறினேன். எதற்கு? மன்னிப்புக் கேட்க என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலேயே தார்ப்பாய் தெரிந்தது. பக்கத்தில் போனபோதுதான் புரிந்தது — ரோட்டிலிருந்து தெரிகிற பாதிக் கூரைக்கு மட்டும் போட்டிருந்தார்கள். சசி ஆட்களுக்குக் கூரை ஓட்டை தெரிய வேண்டும், ஆளுங்கட்சிக்காரர்களுக்குத் தெரியக் கூடாது. அதன் அடியில் படுத்திருப்பவர்களைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையில்லை. மூன்றாவதாக நான் ஒருவன்.

குழாயடியில் ஷீபா குடத்தோடு நின்றாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"வேண்டாம்னு சொல்லிட்டாங்க அண்ணா."

நான் ஏதோ முணுமுணுத்தேன்.

"சாரமில்ல, போகட்டும். உங்க வாய்ஸ் நல்ல கிளியரா கேட்டுச்சு. ஒரு வார்த்தை விடாம." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டு வாசலில் மழை பிடித்துக்கொண்டது. தங்கபாய் அக்கா உள்ளே கூப்பிட்டார். அதே கட்டன் சாயா, அதே கிளாஸ். நான் மன்னிப்பை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "எப்படி இருக்கீங்க அக்கா?" என்றேன்.

"நல்லாருக்கோம்."

"வீடு?"

"நல்லாருக்கு."

"ஷீபா விஷயம்... நான் வேணும்னா மார்த்தாண்டம் போய்ப் பேசட்டுமா?"

"நல்லாருக்கா. நீ சாயாவக் குடி, ஆறுது."

அடுப்படியில் பானைக்குள் சொட்டு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டப்... டப்... அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் கேட்காத மாதிரி இருந்தேன்.

"மழை அதிகமோ அக்கா?"

"மழையா? இங்க மழையே இல்லையே தம்பி."

கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

நேற்றும் ஒரு வாசகர் போன் செய்தார். ஆட்சி மாறுமா, எதிர்க்கட்சி ஜெயிக்குமா, மலையில் ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது சார். என்னிடம் இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை.